மெழுகுக்குள் பன்னிரண்டு முட்கள்

என் அக்காவின் கணவர் பேசாலைக் கரையில் இருபது வருடமாக மீன் ஏலம் கூறினார். இப்போது அவருக்குக் குரல் இல்லை. தொண்டையில் ஒரு மீன்முள் நின்றது. எக்ஸ்ரே படத்தில் அதை யாரும் காணவில்லை. அந்தப் படத்தை எடுத்த மெசின் நல்ல மெசின் என்று எண்ணிக் கையெழுத்து வைத்தவன் நான். எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் எக்ஸ்ரே மெசினுக்கு எப்படிச் சாட்சியானான் என்று கேட்கிறவர்கள் இருக்கிறார்கள். நடந்தது இதுதான்.

எனக்கு ஓரிடத்தில் இருக்கப் பிடிக்காது. வெள்ளாங்குளத்தில் வயல் வேலை செய்தேன். முசலிப் பக்கம் கல் உடைத்தேன். உப்பளத்தில் பாதம் வெடிக்க வெடிக்க ஒரு கோடை முழுவதும் உப்பு வாரினேன். பிறகு லொறியில் கிளீனராகத் தொற்றிக்கொண்டு நாடு முழுக்கத் திரிந்தேன். அந்த லொறி ஒரு மழைநாளில் புரண்டதில் விலா எலும்பு இரண்டு முறிந்தது. அதற்குப் பிறகு பாரம் தூக்க ஏலாமல் போனது. மன்னார் ரவுணில் ஒரு தனியார் மருத்துவ நிலையத்தில் எக்ஸ்ரே அறைக்கு ஆள் தேவை என்றார்கள், போனேன். வருகிற ஆட்களைக் கட்டிலில் ஏற்றி இறக்குவது, சங்கிலியையும் தோட்டையும் கழற்றச் சொல்வது, தரை துடைப்பது. இவ்வளவும்தான் வேலை. உப்புக்குளத்தில் ஓர் அறை எடுத்துத் தங்கினேன். ஒரு வருடம் இருப்பேன் என்று நினைத்தேன்.

படம் எடுக்கிறவர் வவுனியாவிலிருந்து வந்த ஒரு பெண். எல்லோரும் மிஸ் என்றுதான் கூப்பிடுவோம். சிரிப்பது குறைவு. ஒரு படம் சரிவராவிட்டால் நோயாளியை விட அவருக்குத்தான் முகம் வாடும்.

எக்ஸ்ரே படத்தைத் திரையில் பெரிதாக்கினால் மணல் தூவினது மாதிரி இருக்கும். கதிர் குறையக் குறைய மணல் கூடும். மணல் குறைய வேண்டுமென்றால் கதிரைக் கூடுதலாகப் பாய்ச்ச வேண்டும், அது உடம்புக்குக் கூடாது. எங்கள் மெசின் பழையது. மணலுக்குக் குறைவில்லை. நிலையத்தை நடத்திய டொக்டர் புது மெசின் வாங்காமல், படத்திலிருந்து மணலைத் துடைத்துவிடுகிற ஒரு புரோகிராமை கொழும்புக் கம்பனி ஒன்றிடம் வாங்கினார். அதைப் போட்டால் கதிரையும் குறைக்கலாம், படமும் பளிச்சென்று இருக்கும் என்றார்கள்.

அதை மெசினில் பூட்ட வந்த கம்பனிக்காரருக்கு முப்பது வயதுகூட இருக்காது. கொழும்புத் தமிழ். என்னை முதல் நாளே 'அண்ணன்' என்று கூப்பிட்டார். படத்தின் வெறுமையான பகுதியில் திரையிலேயே ஒரு சின்னச் சதுரம் கீறினார். மணல் எவ்வளவு என்று மெசின் ஓர் இலக்கம் காட்டியது.

"பாருங்க மிஸ், முன்னுக்குப் பதினெட்டு. இப்ப ஏழு" என்றார்.

மிஸ் திரையைப் பார்த்தார். "மணல் போனது சரி. மணலோட சேர்ந்து வேற என்ன போனது?"

அதற்கும் அவரிடம் சாமான் இருந்தது. ஈயத்தில் நெருக்க நெருக்கமாகக் கோடு வெட்டிய ஒரு தகடு. அதை வைத்துப் படம் எடுத்தார். மிக நெருக்கமான கோடுகள்கூடத் தனித்தனியாகத் தெரிந்தன.

"ஒரு கோடும் அழியல்ல. சரி தானே?"

"இஞ்ச ஆரும் ஈயத்தை விழுங்கிப்போட்டு வாறேல்லை" என்றார் மிஸ். "மீன்முள்ளை விழுங்கிப்போட்டுத்தான் வருதுகள். ஈயம் இருட்டில விளக்கு மாதிரி. அதை உந்தப் புரோகிராம் அழிக்காது. முள்ளு மணலுக்குள்ள மணலாக் கிடக்கும். அதை விடுமோ?"

நான் துடைப்பத்தோடு நின்று சிரித்துவிட்டேன். மிஸ் திரும்பினார்.

"சிரிக்காதேங்கோ அண்ணை. போய் முள்ளுக் கொண்டுவாங்கோ. எல்லாச் சாதி மீனிலயும்."

அப்படித்தான் பெட்டி உண்டானது. உள்ளே மெழுகு, மெழுகுக்குள் முள். மூடியில் மெல்லிய செம்புக் கம்பியால் இருபது கட்டங்கள். பன்னிரண்டு கட்டத்தில் முள் வைக்க வேண்டும், எட்டை வெறுமையாக விட வேண்டும். படத்தைப் பார்த்து எந்தக் கட்டத்தில் முள் தெரிகிறது என்று குறித்தால் போதும். கம்பனிக்காரரிடம் மனிதச் சதைக்குப் பதிலாக வைக்கும் தடித்த பிளாஸ்டிக் தட்டுகள் இருந்தன. பெட்டியை அவற்றுக்கு நடுவே வைத்தால் ஒரு கழுத்து மாதிரித்தான்.

முள்ளுக்கு அக்கா வீட்டுக்குப் போனேன். மத்தியானச் சாப்பாட்டு நேரம்.

"இவனுக்கு விசர் பிடிச்சிட்டு" என்றாள் அக்கா. "மீனை விட்டிட்டு முள்ளைக் கேக்கிறான். பூனைக்குப் போட்டியா வந்திருக்கிறான்."

அத்தான் பெரிதாகச் சிரித்தார். அவர் சிரித்தால் பக்கத்து வளவில் கட்டியிருக்கும் ஆடு நிமிர்ந்து பார்க்கும். அப்படி ஒரு தொண்டை. கரையில் நாற்பது பேர் ஒரே நேரத்தில் கத்தினாலும் அவருடைய "ஒருதரம்" தனியாகக் கேட்கும். நல்ல குரல் என்று சொல்ல முடியாது. கூட்டத்தைப் பிளக்கிற குரல். படகும் இல்லை வலையும் இல்லை அவருக்கு. தொழில் அந்தத் தொண்டைதான்.

"மச்சான், முரல் முள்ளு ஒண்டு வை" என்றார். "பச்சை நிற முள்ளு. ஊசி மாதிரி. அதைக் கண்டுபிடிச்சால் உன்ர மெசின் கெட்டிக்காரன்."

"உங்களுக்கு எப்பவாவது தொண்டையில நிண்டிருக்கோ அத்தான்?"

"வருசாவருசம் சாமியார் மெழுகுதிரி வைச்சு ஆசீர்வதிக்கிற கழுத்தடா இது. முள்ளு பயந்து வழுக்கிப்போகும்."

அது எங்கள் ஊர்க் கத்தோலிக்கக் கோவிலில் மாசி மாதத்தில் நடப்பது. இரண்டு மெழுகுதிரியைக் குறுக்காகக் கட்டித் தொண்டையில் வைத்துச் சாமியார் ஆசீர்வதிப்பார். கடலை நம்பியிருக்கும் சனம் ஒருவர் விடாமல் வரிசையில் நிற்கும். பெட்டிக்கு ஊற்றிய மெழுகும் கோவிலில் எரிந்து மிஞ்சிய துண்டுகள்தான். கோவிலைப் பார்க்கிற சங்கிடத்தாரிடம் கேட்டேன், ஒரு பை நிறையத் தந்தார்.

முள்ளுகளை நானே வைத்தேன். கெளிறு முள் தடிப்பு, அது முதல் வரிசையில். பாரை, விளமீன் இரண்டாவதில். முரல் முள்ளை மூன்றாம் வரிசையின் இரண்டாம் கட்டத்தில் வைத்தேன். சூடை முள் கடைசியில், மயிர் அளவு. மெழுகு இறுகும்வரை ஒவ்வொன்றையும் விரலால் அமர்த்திப் பிடித்துக்கொண்டிருந்தேன்.

மிஸ் பெட்டியை வாங்கும்போது, "எதை எங்க வைச்சனீங்கள் எண்டு எனக்குச் சொல்லிப்போடாதேங்கோ. நான்தான் எண்ணப்போறன்" என்றார். ஏதோ விளையாட்டுப் போல என்று நினைத்தேன்.

சோதிக்க வேண்டிய நாளில் மிஸ்ஸின் பிள்ளைக்குக் காய்ச்சல், வவுனியாவுக்குப் போய்விட்டார். கம்பனிக்காரருக்கு மறுநாள் வேறு ஊரில் வேலை. டொக்டருக்கு அவசரம். பக்கத்து நிலையத்திலிருந்து மிஸ்ஸின் வேலை தெரிந்த ஒருவரைக் கூப்பிட்டுப் படத்தை எடுத்தார்கள். எண்ண ஆளில்லை. எடுத்தவருக்கு நேரமில்லை.

"அண்ணன், நீங்க எண்ணுங்க" என்றார் கம்பனிக்காரர். "மீன்காரர் கண் தானே."

திரைக்கு முன்னால் கதிரை போட்டு என்னை உட்கார வைத்தார்கள். அந்தக் கதிரையில் நான் அதற்கு முன் இருந்ததில்லை, துடைத்திருக்கிறேன். முதலில் பழைய முறையில் எடுத்த படம். மணல் நிறைய. பதினொரு கட்டத்தில் முள் கண்டேன். சூடை முள் மட்டும் தெரியவில்லை. அடுத்தது கதிரைப் பாதியாகக் குறைத்து, மணல் துடைத்த படம். தண்ணீர் தெளிந்த மாதிரி இருந்தது. அதிலும் பதினொன்று கண்டேன். மூன்றாம் வரிசை, இரண்டாம் கட்டம், சற்றே சரிந்து ஒரு கோடு. முரல்.

நான் பொய் சொல்லவில்லை. இதை எழுதுகிற இந்த நேரத்திலும் அந்தக் கோட்டை நான் கண்டதாகத்தான் இருக்கிறது.

"பதினொண்டுக்குப் பதினொண்டு. சூப்பர் கண் அண்ணன் உங்களுக்கு" என்று அவர் தாளில் எழுதினார். கீழே என்னிடம் கையெழுத்து வாங்கினார். பிறகு, வடக்கிலும் கிழக்கிலும் பத்துப் பன்னிரண்டு இடத்தில் இதைப் பூட்ட வேண்டும், சாமான் தூக்கி எடுத்துவைக்க ஓர் ஆள் வேண்டும், கம்பனி வான் வண்டியில் போய்வரலாம், வாறீங்களா என்று கேட்டார். வான் என்றதுமே என் கால் ஓடத் தொடங்கிவிட்டது. மன்னாருக்கு வந்து பதினான்கு மாதம் ஆகியிருந்தது.

இரண்டு நாள் கழித்து மிஸ் வந்து தாளைப் பார்த்தார்.

"ஆர் எண்ணினது?"

"நான்தான் மிஸ்."

"முள்ளு வைச்சது?"

"அதுவும் நான்தானே."

"நீங்கள் படத்தைப் பாக்கேல்லை அண்ணை. உங்கட பெட்டியைத்தான் பாத்திருக்கிறியள்" என்றார். டொக்டரிடம் போய் இன்னொரு தரம் எண்ண வேண்டும் என்று கேட்டார். டொக்டர், பிறகு ஆறுதலாகச் செய்யலாம், இப்போதைக்கு இது ஓடட்டும் என்றார். கதிர் குறைத்தது குறைத்தபடியே இருந்தது. படங்கள் பளிச்சென்று வந்தன. வருகிற சனத்துக்கும் சந்தோசம்.

எனக்கு மிஸ்மேல் எரிச்சல். படித்த ஆள், படிக்காதவன் எண்ணியதைப் பொறுக்க முடியவில்லை என்று நினைத்தேன். திங்கட்கிழமை வானில் ஏறினேன்.

ஐந்தாவது வாரம் திருகோணமலைப் பக்கம் நின்றோம். அக்கா போன் எடுத்தாள்.

"இவருக்கு நேற்று மத்தியானம் முரல் முள்ளு ஒண்டு தொண்டையில நிண்டிட்டு. சோத்தை உருட்டி விழுங்கிப் பாத்தார், வாழைப்பழம் விழுங்கிப் பாத்தார். குத்துது எண்டுறார். நான் பெரியாஸ்பத்திரிக்குப் போவம் எண்டன். இவர் உன்ர இடத்துக்குத்தான் போகோணும் எண்டு நிண்டு, அங்க படம் எடுத்தது. முள்ளு இல்லையாம். கீறினதாத்தான் இருக்குமாம்."

"பிறகென்ன?"

"இவருக்கு இன்னும் குத்துதெண்டுறார். நாளைக்குப் பெரியாஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போகட்டோ?"

அத்தான் போனை வாங்கினார். குரல் கொஞ்சம் அடைத்திருந்தது, ஆனாலும் அவருடைய குரல்தான். "மச்சான், நீ சொல்லு. உங்கட மெசினை நம்பலாமோ?"

"அத்தான், அந்த மெசினை நானே எண்ணிப் பாத்தனான். முரல் முள்ளையும் காட்டினது. இல்லை எண்டா இல்லைதான். கீறின இடம் நாலு நாளைக்கு நோகும்."

"அப்ப சரி. கொக்காவுக்கு நீயே சொல்லு, விடுறாளில்லை."

அக்காவுக்கும் சொன்னேன். அவள் அவரைக் கூட்டிக்கொண்டு போகவில்லை. அந்தப் போன்தான் நான் அவருடைய குரலைக் கேட்ட கடைசித் தடவை.

ஆறாம் நாள் காய்ச்சல். கழுத்து வீங்கித் தலை திருப்ப முடியவில்லை. எச்சில் விழுங்க முடியாமல் கோப்பையில் துப்பினார். மன்னார் பெரியாஸ்பத்திரியில் பார்த்துவிட்டு உடனே யாழ்ப்பாணத்துக்கு அனுப்பினார்கள். நான் பஸ் மாறி மாறி வந்து வெள்ளாங்குளத்தில் இறங்கி நின்றேன். அக்கா பிடித்த வான் அந்த வழியாகத்தான் வந்தது, ஏறிக்கொண்டேன். முன்பு நான் வேலை செய்த வயல்கள் இரண்டு பக்கமும் காய்ந்து கிடந்தன. அத்தான் பின் சீற்றில் வாயைத் திறந்தபடி சாய்ந்திருந்தார். அக்கா என்னைப் பார்க்கவில்லை.

கழுத்தைத் திறந்து சீழை எடுத்தார்கள். சின்னப் போத்தல் ஒன்றில் முள்ளைப் போட்டுத் தந்தார்கள். கழுவியும் பச்சை போகவில்லை. எவ்விடத்தில் குத்தி நின்றது என்று அங்குள்ள டொக்டர் தன் கழுத்தில் விரல் வைத்துக் காட்டினார். குரல்நாண் நரம்பு சீழில் கெட்டுவிட்டது, நாலு நாள் முந்தி வந்திருந்தால் வேறு கதை என்றார். உயிர் தப்பியது. குரல் வரவில்லை. காற்று மட்டும் வந்தது.

நான் கம்பனிக்காரரிடம் திரும்பிப் போகவில்லை. மன்னாருக்கு வந்து எக்ஸ்ரே அறைக்குப் போனேன். மிஸ்ஸுக்குக் கதை தெரிந்திருந்தது. அவர் என்னை ஏசுவார் என்று எதிர்பார்த்துத்தான் போனேன். அவர் ஏசவில்லை. அலுமாரியைத் திறந்து இன்னொரு பெட்டியை எடுத்தார்.

"இது நான் செய்தது. முள்ளு வைச்சது நான். எத்தினை, எங்க எண்டு உங்களுக்குத் தெரியாது. இருங்கோ."

அதே கதிரை. முதலில் மணல் துடைத்த படம். எட்டுக் கட்டத்தில் கண்டேன் என்று குறித்தேன். பிறகு பழைய முறையில், முழுக் கதிரில், மணலோடு எடுத்த படம். அதில் பத்துக் குறித்தேன். மிஸ் மடித்து வைத்திருந்த தாளை விரித்தார். பன்னிரண்டு முள். மணல் படத்தில் நான் குறித்த பத்தில் ஒன்பது சரி. பளிச்சென்ற படத்தில் குறித்த எட்டில் ஐந்துதான் சரி. மற்ற மூன்று கட்டத்தில் மெழுகைத் தவிர ஒன்றும் இல்லை. இல்லாத இடத்தில் மூன்று முள் கண்டிருக்கிறேன், இருந்த ஏழைத் தவறவிட்டிருக்கிறேன். மணலின் இலக்கம் மட்டும் அன்றைக்குக் காட்டிய அதே ஏழுதான்.

"அத்தானுடைய படம் இருக்கோ மிஸ்?"

"இருக்கு. துடைக்காத படமும் மெசினுக்குள்ள கிடக்கும். பாக்கப் போறியளோ?"

திறந்தார். குறைந்த கதிரில் எடுத்ததால் ஒரே மணல். கழுத்தெலும்பு ஏழும் அடுக்கி, முன்னால் மூச்சுக்குழாய் கறுப்பாக. நான் தேடவே தேவைப்படவில்லை. யாழ்ப்பாணத்து டொக்டர் விரல் வைத்த அதே இடத்தில், சரிந்து, ஒரு மெல்லிய கோடு.

"இந்தா கிடக்கு மிஸ். கிடக்குது!"

மிஸ் குனிந்து பார்த்தார். கிட்டப் போய்ப் பார்த்தார், தள்ளி நின்று பார்த்தார். "எனக்கும் தெரியிற மாதிரித்தான் கிடக்கு" என்றார். "ஆனால் அண்ணை, எவ்விடத்தில இருந்ததெண்டு உங்களுக்குத் தெரியும். நீங்கள் காட்டின பிறகு எனக்கும் தெரியும். இனி இந்தப் படத்தை நாங்கள் ரெண்டு பேரும் பாத்துப் பிரயோசனமில்லை. முரல் முள்ளு முழுக் கதிரிலயும் தெரியாமப் போறதுண்டு. அதையும் சொல்லோணும்."

அதுதான் எனக்கு மிச்சம். குற்றம் என்னுடையது என்றுகூட முழுதாகச் சொல்ல முடியாது. கோடு இருந்ததா, நான் போட்டுக்கொண்டதா என்று சொல்ல இந்தக் கண்ணுக்குத் தகுதி இல்லை. ஆனால் போனில் சொன்னது நான். அதை எந்த மெசினும் துடைக்காது.

மிஸ் புதுத் தாளை டொக்டரிடம் கொண்டுபோனார். கழுத்துப் படங்களுக்கு மட்டும் அந்தப் புரோகிராமை நிற்பாட்ட டொக்டர் சம்மதித்தார். மற்றவற்றுக்கு அது இன்றும் ஓடுகிறது. வானில் போய்ப் பூட்டிய இடங்களுக்கு மிஸ் கடிதம் எழுதினார். பதில் வந்ததாகத் தெரியவில்லை. அந்த இடங்களில் ஒன்றிலும் மீன்முள் வைத்துப் பார்க்கவில்லை. மன்னாரில் பார்த்தாகிவிட்டது என்று என் கையெழுத்தைத்தான் காட்டினோம்.

அத்தானிடம் சொல்லப் போனேன். ஒரு ஞாயிறு, பூசை முடிந்த பிறகு. வாசலில் கதிரை போட்டு இருந்தார். பெட்டி செய்தது, எண்ணியது, கையெழுத்து வைத்தது எல்லாம் சொன்னேன். அக்கா கொஞ்சம் தள்ளி மீன் வெட்டிக்கொண்டிருந்தாள்.

அவர் காது கொடுத்துக் கேட்டார். பிறகு கையைக் காட்டிக் கிட்ட வரச்சொன்னார். அவர் பேசுவது ஒரு முழத்துக்கு மேல் கேட்காது.

"எத்தினை எண்டு சொன்னனீ?"

"பதினொண்டு."

"உள்ளதா எத்தினை?"

"மிஸ்ஸின்ர பெட்டியில அஞ்சு. மூண்டு இல்லாத இடத்தில கண்டனான்."

அவருடைய தோள் குலுங்கியது. சிரிக்கிறார் என்று விளங்கச் சற்று நேரம் எடுத்தது. "நானும் உப்பிடித்தான். ஏலம் படுத்தா, ஆரும் கேக்காத விலையைப் பின்னுக்கு ஒருத்தன் கேட்டான் எண்டு கூவுறனான். கூவிக் கூவி, ஒருத்தன் கைதூக்கினதைக் கண்ட மாதிரியே எனக்கும் இருக்கும்" என்றார். மூச்சு வாங்கியது. "நான் கூவினா மீன்தான் விலைபோகும்."

கரையில் இப்போது கூறுவது வேறோர் ஆள். அத்தான் அவனுக்குப் பக்கத்தில் நின்று மீனைக் கூறு பிரித்து வைக்கிறார். கூட்டம் நெருக்கினால் தள்ளி நிற்கச் சொல்ல அவரால் முடியாது. கையால் தள்ளுவார், சிலர் ஏசுவார்கள்.

நான் எழும்பினேன். அக்கா கத்தியை வைத்துவிட்டு என்னைப் பார்த்தாள். யாழ்ப்பாணம் போன நாளுக்குப் பிறகு நேராகப் பார்த்தது அன்றுதான்.

"மெசின் பிழைவிட்டது எண்டு ஆஸ்பத்திரியில சொல்லிச்சினம், நான் ஏற்றுக்கொண்டன்" என்றாள். "பெட்டியைப் பற்றி எனக்கு விளங்கேல்லை. விளங்கப்படுத்தவும் வேண்டாம். நான் கூட்டிக்கொண்டு போகட்டோ எண்டு உன்னை ஒரு கேள்வி கேட்டனான். நீ திருகோணமலையில நிண்டுகொண்டு வேண்டாம் எண்டனீ."

"ஓம் அக்கா."

"நிண்டு சாப்பிட்டிட்டுப் போ. முரல் இல்லை. பாரை."

சாப்பிட்டேன். அவள் எனக்கு முன்னால் நின்று, கடைசிக் கவளம் இறங்கும்வரை என் தொண்டையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.